ஹிரோஷிமாவில் ஒன்று, நாகசாகியில் வேறொன்று: முதல் அணுகுண்டுகள் ஏன் இரண்டு விதமாக இருந்தன?

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா மீது விழுந்தது யுரேனியக் குண்டு. மூன்று நாள் கழித்து நாகசாகி மீது விழுந்தது புளூட்டோனியக் குண்டு. முதல் வகையை அதற்கு முன் ஒருமுறைகூட வெடித்துப் பார்த்ததில்லை. இரண்டாம் வகையையோ சோதித்துப் பார்க்காமல் விமானத்தில் ஏற்ற யாருக்கும் துணிவில்லை. திட்டம் ஒன்று, ஆய்வுக்கூடம் ஒன்று, குண்டு மட்டும் இரண்டு விதம். இரண்டு மாதிரிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கவே அப்படிச் செய்தார்கள் என்ற பேச்சு இன்றும் அடிபடுகிறது. ஆனால் இரண்டு வகை உருவானதற்கான காரணத்தை மூலப்பொருளில்தான் தேட வேண்டும். குண்டுக்கான பொருளை எந்த வழியில் போதிய அளவு எடுக்க முடியும் என்று 1942இல் யாருக்கும் தெரியாது. அதனால் தெரிந்த எல்லா வழியிலும் பணத்தைக் கொட்டினார்கள். அவற்றில் இரண்டு வழிகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பலன் கொடுத்தன.

அடிப்படை: எது பிளக்கும், எது பிளக்காது

1938 டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஃப்ரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தின் மீது நியூட்ரான்களைச் செலுத்தியபோது பேரியம் கிடைத்தது. யுரேனியத்தில் ஏறக்குறைய பாதி எடையுள்ள தனிமம் அது. ஸ்வீடனில் அகதியாக இருந்த லிசே மைட்னரும் அவருடைய சகோதரியின் மகன் ஓட்டோ ஃப்ரிஷும் அதற்கு விளக்கம் கண்டார்கள்: அணுக்கரு இரண்டாகப் பிளந்துவிட்டது. மேற்கொண்டு படிக்க மூன்று செய்திகள் போதும்.

1. ஒவ்வொரு பிளவிலும் ஆற்றலோடு சராசரியாக இரண்டுக்கு மேற்பட்ட நியூட்ரான்கள் வெளிவரும். அவை அடுத்த அணுக்கருக்களைப் பிளந்தால் தொடர்வினை.

2. பொருள் சிறிதாக இருந்தால் நியூட்ரான்கள் வெளியே தப்பிவிடும். தொடர்வினை தானே நீடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவுதான் மாறுநிலை நிறை. அது நிலையான எண் அன்று. வடிவம், அடர்த்தி, சுற்றியிருக்கும் பொருள் ஆகியவற்றைப் பொறுத்துக் கூடும், குறையும்.

3. இயற்கை யுரேனியத்தில் 0.7 சதவீதம்தான் எளிதில் பிளக்கும் யுரேனியம்-235. மீதி ஏறக்குறைய முழுவதும் யுரேனியம்-238. இது குண்டுக்கு உதவாது என்பதோடு, நியூட்ரான்களை விழுங்கித் தொடர்வினையைக் கெடுக்கவும் செய்யும்.

1940 மார்ச்சில் பிரிட்டனின் பர்மிங்ஹாமில் ஃப்ரிஷும் ருடால்ஃப் பையர்ல்ஸும் எழுதிய சிறு குறிப்புதான் திருப்புமுனை. தூய யுரேனியம்-235 கிடைத்தால் டன் கணக்கில் தேவையில்லை, சில ராத்தல் போதும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். எண்ணைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். ஆனால் விமானத்தில் ஏற்றக்கூடிய குண்டு சாத்தியம் என்ற முடிவு சரியானது. 1939 ஆகஸ்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கு ஐன்ஸ்டைன் கையெழுத்திட்டு அனுப்பிய கடிதத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். வேலையை உண்மையில் முடுக்கிவிட்டது இந்தக் குறிப்பும், அதன் தொடர்ச்சியாக வந்த பிரிட்டிஷ் அறிக்கையும் என்பதே பொருத்தம்.

அமெரிக்க ராணுவம் 1942இல் திட்டத்தைக் கையில் எடுத்தது. செப்டம்பரில் லெஸ்லி குரோவ்ஸ் பொறுப்பேற்றார். டிசம்பர் 2 அன்று சிகாகோவில் என்ரிகோ ஃபெர்மியின் குழு, கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கிக் கட்டிய உலையில் முதல் தொடர்வினையை நடத்திக் காட்டியது. அதன் திறன் அரை வாட். ஒரு பல்பு எரியக்கூடப் போதாது.

ஓக் ரிட்ஜ்: 140இல் ஒன்றைப் பிரித்தெடுப்பது

யுரேனியம்-235, 238 இரண்டும் வேதியியலில் ஒன்றே. எந்த அமிலத்தில் கரைத்தாலும் சேர்ந்தே கரையும். வேறுபாடு எடையில் மட்டும், அதுவும் நூற்றுக்கு ஒன்றேகால் அளவு. இந்தச் சிறு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு 235இன் பங்கை உயர்த்துவதற்குப் பெயர்தான் செறிவூட்டல். செய்திகளில் 5 சதவீதம், 20 சதவீதம், 60 சதவீதம் என்று அடிபடும் எண்கள் இந்தப் பங்கைத்தான் குறிக்கின்றன. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 0.7இலிருந்து 5க்கு ஏறுவதிலேயே மொத்த உழைப்பின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மேலே போகப் போக, வெளியேற்ற வேண்டிய 238 குறைந்துகொண்டே வருகிறதல்லவா?

டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் இதற்காக மூன்று ஆலைகள் எழுந்தன. ஒய்-12 ஆலையில் மின்காந்த முறை: மின்னூட்டம் பெற்ற யுரேனிய அணுக்களை வெற்றிடத் தொட்டிக்குள் காந்தப்புலத்தில் வளைந்து ஓடவிட்டால், எடை குறைந்தது சற்றுக் கூடுதலாக வளையும், இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் பிடிக்கலாம். எர்னஸ்ட் லாரன்ஸின் யோசனை இது. கலுட்ரான் என்ற இந்தக் கருவிகள் மொத்தம் 1,152. ராட்சதக் காந்தங்களின் சுருள்களுக்கு வேண்டிய தாமிரம் போர்க்காலத்தில் கிடைக்கவில்லை. அமெரிக்கக் கருவூலத்திலிருந்து சுமார் 13,300 டன் வெள்ளியைக் கடன் வாங்கிக் கம்பியும் பட்டையுமாக அடித்துச் சுற்றினார்கள். கடைசி வெள்ளி திரும்பிப் போனது 1970இல்.

1943 இலையுதிர் காலத்தில் முதல் வரிசையை ஓட்டியபோது இரண்டு கோளாறுகள். காந்த இழுப்பில் 14 டன் தொட்டிகள் சில அங்குலம் நகர்ந்தன. அவற்றைத் தரையோடு பற்றவைக்க வேண்டியதாயிற்று. அடுத்து, காந்தச் சுருள்களைக் குளிர்விக்கும் எண்ணெயில் துருவும் அழுக்கும் கலந்து சுருள்களில் குறுக்குச்சுற்று ஏற்பட்டது. 48 காந்தங்களையும் கழற்றித் தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்பிச் சுத்தம் செய்தார்கள். ஓடத் தொடங்கிய பிறகும் தொட்டிக்குள் போன யுரேனியத்தில் சிறு பங்குதான் பெட்டியில் விழுந்தது. மீதி சுவரிலும் உதிரிப் பாகங்களிலும் தெறித்து ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி, கழுவி, வேலை செய்தவர்களின் உடைகளையும் துவைத்து மீட்டார்கள். கட்டுப்பாட்டு மேசையில் முள்ளைப் பார்த்துக் குமிழைத் திருப்பும் வேலையில் பள்ளிப்படிப்பை முடித்த உள்ளூர்ப் பெண்கள்தான் பெரும்பாலும் இருந்தார்கள். என்ன செய்கிறோம் என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை. உற்பத்திப் போட்டியில் அவர்கள் முனைவர் பட்ட விஞ்ஞானிகளை முந்தினார்கள். முள் அசைந்தால் ஏன் அசைந்தது என்று ஆராயப் போகாமல் சரிசெய்துவிடுவார்கள்.

கே-25 ஆலையில் யுரேனிய வாயுவை நுண்துளைத் தடுப்புகள் வழியே ஆயிரக்கணக்கான முறை செலுத்தினார்கள், மாவைச் சலித்துச் சலித்து நைசாக்குவது மாதிரி. அந்த வாயு தொட்டதையெல்லாம் அரிக்கும். அதைத் தாங்கும் நிக்கல் தடுப்பைத் தயாரிப்பதிலேயே 1944இன் பெரும்பகுதி போயிற்று. மூன்றாவதாக எஸ்-50, வெப்ப வேறுபாட்டில் பிரிக்கும் ஆலை, அவசரத்தில் கட்டப்பட்டது.

தொடக்கத்தில் இவை ஒன்றுக்கொன்று போட்டியாகத் திட்டமிடப்பட்டவை. எதுவும் தனியாகக் கரைசேராது என்று தெரிந்ததும் தொடராக இணைத்தார்கள்:

1. எஸ்-50: 0.7 சதவீதத்திலிருந்து 0.9க்குச் சற்றுக் குறைவு வரை.
2. கே-25: அங்கிருந்து 7 சதவீதம், பின்னர் 20க்கு மேல்.
3. ஒய்-12: அங்கிருந்து 80 சதவீதத்துக்கு மேல்.

முடிந்த பொருளைச் சாதாரண உடையணிந்த ராணுவ அதிகாரிகள் கைப்பெட்டியில் வைத்து, பயணிகள் ரயிலில், குண்டை வடிவமைத்த லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடம் இருந்த நியூ மெக்சிகோவுக்குக் கொண்டுபோனார்கள். 1945 ஜூலை முடிய இப்படிச் சேர்ந்தது ஒரே ஒரு குண்டுக்கான 64 கிலோ.

ஹான்ஃபோர்டு: தானாக அணைந்த உலை

இன்னொரு வழி, 238ஐயே பயன்படுத்துவது. அணு உலைக்குள் அது ஒரு நியூட்ரானை வாங்கிக்கொண்டால் சில நாட்களில் புளூட்டோனியம்-239 ஆகிறது. புளூட்டோனியம் வேறு தனிமம் என்பதால் வேதியியல் முறையிலேயே பிரித்துவிடலாம். பெர்க்லியில் கிளென் சீபோர்க் குழு 1941 தொடக்கத்தில் இதைக் கண்டறிந்தது. சிக்கல் அளவில்தான் இருந்தது: உலையில் வெந்த ஒரு டன் யுரேனியத்தில் சில நூறு கிராம்தான் தேறும். அந்த யுரேனியமும் கொடிய கதிரியக்கம் கொண்டது. தடித்த கான்கிரீட் சுவருக்கு அப்பால் நின்று, தொலைவிலிருந்தே இயக்கும் கருவிகளைக் கொண்டுதான் பிரித்தாக வேண்டும்.

வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் ஹான்ஃபோர்டின் பி உலை 1944 செப்டம்பர் இறுதியில் இயங்கத் தொடங்கியது. சில மணி நேரம் நன்றாக ஓடியது. பிறகு திறன் குறைந்துகொண்டே வந்து முற்றிலும் நின்றது. மறுநாள் தானாகவே உயிர் பெற்றது, மறுபடி சரிந்தது. தண்ணீர்க் கசிவு என்றுதான் முதலில் சந்தேகித்தார்கள். ஜான் வீலரும் ஃபெர்மியும் கால இடைவெளியைப் பார்த்துக் காரணத்தைப் பிடித்தார்கள். பிளவில் உண்டாகும் அயோடின்-135 சில மணி நேரத்தில் செனான்-135 ஆகிறது. நியூட்ரான்களை விழுங்குவதில் செனானை மிஞ்ச அன்று அறியப்பட்ட எதுவும் இல்லை. அது சேரச் சேர உலை அணையும். அதன் அரை ஆயுள் சுமார் ஒன்பது மணி நேரம் என்பதால், சிதைந்து தீர்ந்ததும் உலை மறுபடி எழும்.

தப்பித்தது பொறியாளர்களின் முன்ஜாக்கிரதையால். 1,500 குழாய்கள் போதும் என்று இயற்பியலாளர்கள் சொன்ன இடத்தில் டூபான்ட் நிறுவனத்தார் 2,004 குழாய்களுக்கு இடம் விட்டிருந்தார்கள். வீண்செலவு என்று அப்போது அதற்குத் திட்டும் விழுந்தது. கூடுதல் குழாய்களிலும் யுரேனியத்தை நிரப்பியதும் செனானை மீறி உலை ஓடியது. 1945 பிப்ரவரியில் முதல் புளூட்டோனியம் லாஸ் அலமோஸ் போய்ச் சேர்ந்தது.

புளூட்டோனியம் காலை வாரிய விதம்

லாஸ் அலமோஸில் ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தலைமையில் 1943 முதல் குண்டு வடிவமைப்பு நடந்தது. முதல் யோசனை பீரங்கி முறை. மாறுநிலைக்குக் கீழுள்ள ஒரு துண்டை இன்னொன்றின் மீது குழாய்க்குள் சுட்டு இரண்டையும் சேர்ப்பது. யுரேனியம், புளூட்டோனியம் இரண்டுக்கும் இதுவே போதும் என்று நினைத்தார்கள்.

1944 ஏப்ரலில் எமிலியோ செக்ரே, ஓக் ரிட்ஜில் இருந்த சிறு சோதனை உலையிலிருந்து வந்த முதல் புளூட்டோனிய மாதிரிகளை அளந்தபோது அந்த நினைப்பு தகர்ந்தது. சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் முன்பு தயாரித்த நுண்ணளவு மாதிரிகளில் இல்லாத ஒன்று இதில் இருந்தது: புளூட்டோனியம்-240. உலைக்குள் நீண்ட நேரம் இருக்கும் புளூட்டோனியம்-239 இன்னொரு நியூட்ரானை வாங்கிக்கொள்வதால் உண்டாவது இது. யாரும் தூண்டாமலே தானாகப் பிளந்து நியூட்ரான்களைத் துப்பும். பீரங்கிக் குழாயில் இரு துண்டுகளும் நெருங்கி முழுதும் சேர்வதற்குள் இந்த நியூட்ரான்கள் தொடர்வினையை முன்கூட்டியே தொடங்கிவைத்துவிடும். உலோகம் சூடாகிச் சிதறும். குண்டு புஸ்ஸென்று போய்விடும். 240ஐப் பிரித்து எடுக்கலாமா என்றால், எடை வேறுபாடு யுரேனியத்தில் இருப்பதைவிடவும் குறைவு. இன்னொரு ஓக் ரிட்ஜ் கட்ட வேண்டியிருக்கும்.

அந்த ஜூலையில் பீரங்கி முறைப் புளூட்டோனியக் குண்டைக் கைவிட்டார்கள். எஞ்சியது அதுவரை ஓரமாகக் கிடந்த செத் நெடர்மையரின் யோசனை: புளூட்டோனியக் கோளத்தைச் சுற்றி வெடிமருந்தை வைத்து எல்லாப் பக்கமிருந்தும் ஒரே கணத்தில் உள்நோக்கி அழுத்துவது, அதாவது உள்வெடிப்பு முறை. அடர்த்தி கூடினால் மாறுநிலை நிறை குறையும். அதே கோளம் சட்டென்று மாறுநிலையைத் தாண்டிவிடும். பீரங்கியைவிடப் பல மடங்கு வேகம். ஆனால் அழுத்தம் ஒரு பக்கம் சற்றே முந்தினாலும் உலோகம் மறுபக்கம் பிதுங்கிவிடும். ஜான் வான் நியூமனின் கணக்குகளும் ஜார்ஜ் கிஸ்டியாகோவ்ஸ்கியின் வெடிமருந்துப் பிரிவும் ஓராண்டு போராடியது அந்தச் சமச்சீருக்காகத்தான்.

தலைப்பில் உள்ள கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. யுரேனியத்துக்குப் பீரங்கி முறை உறுதியாக வேலை செய்யும், ஆனால் பொருள் ஒரு குண்டுக்குத்தான் இருந்தது. சோதித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. புளூட்டோனியத்துக்கு உள்வெடிப்பு முறையைத் தவிர வேறு வழியில்லை, அது வேலை செய்யுமா என்பதும் சந்தேகம். ஆனால் ஒரு குண்டுக்குச் சுமார் 6 கிலோ போதும், ஹான்ஃபோர்டிலிருந்து சரக்கு வந்துகொண்டே இருந்தது.

சோதனை 1945 ஜூலை 16 காலை 5.29 மணிக்கு, நியூ மெக்சிகோ பாலைவனத்தில், 30 மீட்டர் உயரக் கோபுரத்தின் மேல் நடந்தது. ட்ரினிட்டி என்று பெயர். வெடிப்பின் வலிமை 20,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்கும் மேல். குண்டு புஸ்வாணமானால் விலைமதிப்பற்ற புளூட்டோனியம் பாழாகாமல் இருக்க, அதை உள்ளே வைத்து வெடிப்பதற்கென்றே 200 டன் எஃகுக் கலம் ஒன்றைச் செய்து கொண்டுவந்திருந்தார்கள். சோதனை நாள் நெருங்கியபோது ஹான்ஃபோர்டு வரத்து சீராகிவிட்டது. கலத்தைப் பயன்படுத்தாமல் ஓரமாக நிறுத்திவிட்டார்கள்.

உத்தரவில் என்ன இருந்தது

ஜெர்மனி மே மாதமே சரணடைந்துவிட்டது. ஜெர்மனிக்கு அஞ்சித் தொடங்கிய திட்டம் நிற்கவில்லை. ஜூன், ஜூலை மாதங்களில் சிகாகோ விஞ்ஞானிகள் சிலர், முன்னறிவிப்பின்றி நகரங்கள் மீது போட வேண்டாம் என்று அறிக்கையும் மனுவும் எழுதினார்கள். அவை முடிவை மாற்றவில்லை. இலக்குப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த கியோட்டோவை, பண்பாட்டுத் தலைநகர் என்று சொல்லிப் போர்த்துறைச் செயலர் ஹென்றி ஸ்டிம்சன் நீக்கினார். அதற்கு ஈடாகக் கடைசி நேரத்தில் சேர்ந்த பெயர் நாகசாகி.

ஜூலை 25 தேதியிட்ட உத்தரவு மிகச் சுருக்கமானது. ஏறக்குறைய ஆகஸ்ட் 3க்குப் பிறகு வானிலை இடம் கொடுத்ததும் ஹிரோஷிமா, கோகுரா, நீகாட்டா, நாகசாகி ஆகியவற்றில் ஒன்றின் மீது முதல் குண்டு. அடுத்தடுத்த குண்டுகள் தயாரானதும் போடலாம். இரண்டாவது குண்டுக்கென்று தனி அனுமதி எதுவும் கேட்கப்படவில்லை, தரப்படவும் இல்லை. மூன்று நாள் இடைவெளி ஏன் என்று கேட்பவர்கள் பார்க்க வேண்டிய வரி இது. நாகசாகிக் குண்டு முதலில் ஆகஸ்ட் 11க்குக் குறிக்கப்பட்டிருந்தது. மோசமான வானிலை வருகிறது என்றதும் 9க்கு முன்னே இழுத்தார்கள். ஹிரோஷிமாவில் என்ன நடந்தது என்பதை டோக்கியோ சரியாக விசாரித்து அறியவே அந்த மூன்று நாள் போதவில்லை.

இரண்டு விமானப் பயணங்கள்

பசிபிக் கடலின் டினியன் தீவிலிருந்து ஹிரோஷிமாவுக்குப் போன இனோலா கே விமானத்தைப் பால் டிபெட்ஸ் ஓட்டினார். பீரங்கிக் குண்டின் பெரிய ஆபத்து ஓடுதளத்தில்தான். விமானம் கிளம்பும்போது மோதித் தீப்பிடித்தால் குண்டு அங்கேயே வெடிக்கக்கூடும். பாரமேறிய பி-29 குண்டுவீச்சு விமானங்கள் டினியனில் அப்படி விழுந்து எரிந்ததுண்டு. அதனால் வில்லியம் பார்சன்ஸ் என்ற கடற்படை அதிகாரி, விமானம் மேலெழுந்த பிறகு குண்டு அறைக்குள் இறங்கி, உந்து வெடிமருந்தைக் கையால் பொருத்தினார். காலை 8.15க்கு விடப்பட்ட குண்டு சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. 64 கிலோவில் ஒரு கிலோவுக்கும் குறைவாகவே பிளவுற்றது. அதுவே சுமார் 15,000 டன் டிஎன்டிக்குச் சமம்.

ஆகஸ்ட் 9 பயணம் தொடக்கத்திலிருந்தே சொதப்பல். சார்லஸ் ஸ்வீனி ஓட்டிய பாக்ஸ்கார் விமானத்தில் எரிபொருள் மாற்றும் பம்ப் வேலை செய்யவில்லை. சுமார் 2,400 லிட்டர் எரிபொருள் பயன்படாமல் வெறும் சுமையாக இருந்தது. புளூட்டோனியக் குண்டை வேறு விமானத்துக்கு மாற்றுவது அதைவிட ஆபத்து என்று அப்படியே கிளம்பினார்கள். படமெடுக்க வர வேண்டிய விமானத்துக்காகக் காத்திருந்ததில் அரைமணிக்கு மேல் வீணாயிற்று. இலக்கான கோகுரா புகையாலும் மூட்டத்தாலும் மறைந்திருந்தது. மூன்று முறை சுற்றியும் தெரியவில்லை. மீதமிருந்த எரிபொருளில் நாகசாகியில் ஒரே ஒரு சுற்று. 11.02க்கு வெடித்த குண்டு குறித்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் விலகி உரகாமி பள்ளத்தாக்கின் மேல் வெடித்தது. ஹிரோஷிமாவைவிட வலிமையான குண்டு, ஆனால் சுற்றியிருந்த குன்றுகள் நகரின் மறுபகுதியை மறைத்தன. விமானம் ஏறக்குறைய காலியான தொட்டியோடு ஒக்கினாவாவில் இறங்கியது.

மக்கள் எதனால் இறந்தார்கள்

1945 முடிவதற்குள் ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000 பேரும் நாகசாகியில் சுமார் 70,000 பேரும் இறந்ததாக மதிப்பீடு. கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் பல்லாயிரவரும் அந்த நகரங்களில் இருந்தார்கள். ஹிரோஷிமாவில் அன்று காலை 7.31க்கு அபாயம் நீங்கியதாகச் சங்கு ஊதிவிட்டது. தீ பரவாமல் தடுக்க வீடுகளை இடித்து வெளி உண்டாக்கும் வேலையில் ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்கள் திறந்தவெளியில் இருந்தார்கள்.

முதலில் கொன்றது வெப்பமும் அதிர்ச்சி அலையும். அவற்றைத் தொடர்ந்து எழுந்த தீ மேலும் பலரைக் கொன்றது. கதிர்வீச்சு வேறு விதம். வெடித்த முதல் நிமிடத்துக்குள் நியூட்ரான்களும் காமாக் கதிர்களும் உடலைத் துளைத்துவிடும். காயமே இல்லாதவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும், ஈறில் ரத்தம் கசியும், வெள்ளணுக்கள் சரியும். தப்பியவர்களிடம் ரத்தப் புற்றுநோய் 1950களின் தொடக்கத்தில் உச்சம் தொட்டது. பிற புற்றுநோய்கள் பல பத்தாண்டுகள் கழித்துக் கூடின.

அப்படியானால் அந்த நகரங்களில் இன்று மக்கள் எப்படி வாழ்கிறார்கள்? செர்னோபில்லோடு ஒப்பிட்டுத்தான் இந்தக் குழப்பம் வருகிறது. அணு உலையில் டன் கணக்கான எரிபொருளில் நெடுநாள் சேர்ந்த பிளவுக் கழிவு இருக்கும். குண்டில் பிளவுற்றது ஒரு கிலோ அளவு. உயரத்தில் வெடித்ததால் தீக்கோளம் தரையைத் தொடவில்லை. கழிவில் பெரும்பகுதி மேலே போய்ப் பரவிவிட்டது. சில பகுதிகளில் கறுப்பு மழையாக இறங்கியது உண்டு. நியூட்ரான்களால் மண்ணில் உண்டான கதிரியக்கம் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கியது. ஹிரோஷிமாவில் டிராம் வண்டி ஒரு சிறு தடத்தில் ஆகஸ்ட் 9 அன்றே மறுபடி ஓடியது. அன்றைய வாரங்களில் உறவினரைத் தேடி நகருக்குள் போனவர்களுக்குப் பாதிப்பே இல்லை என்று இதற்குப் பொருளில்லை.

மூன்றாவது குண்டு

ஆகஸ்ட் 9 அதிகாலையில் சோவியத் படைகள் மஞ்சூரியாவுக்குள் நுழைந்தன. அன்று கூடிய ஜப்பானியப் போர் அமைச்சரவை மூன்றுக்கு மூன்று என்று பிளந்து நின்றது. நாகசாகிச் செய்தி வந்த பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. நள்ளிரவு தாண்டிப் பேரரசர்தான் முடிவு சொன்னார். குண்டா, சோவியத்தா என்ற வாதம் ஓயாததற்குக் காரணம் இரண்டும் ஒரே மூன்று நாளுக்குள் நடந்ததுதான். ஒன்றை மட்டும் காரணமாகப் பிரித்துக் காட்டுகிறவர்கள் ஆவணங்கள் சொல்வதைவிடக் கூடுதலாகச் சொல்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

ஆகஸ்ட் 10 அன்று குரோவ்ஸ் தன் மேலிடத்துக்கு எழுதினார்: அடுத்த புளூட்டோனியக் குண்டு 17 அல்லது 18க்குப் பிறகு நல்ல வானிலை கிடைத்ததும் தயார். அதே தாளில் ராணுவத் தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷல் கைப்பட எழுதிச் சேர்த்தார்: குடியரசுத் தலைவரின் வெளிப்படையான அனுமதியின்றி ஜப்பான் மீது போடக் கூடாது. அணுகுண்டைப் பயன்படுத்தும் முடிவு ராணுவத்தின் கையிலிருந்து குடியரசுத் தலைவரின் கைக்குப் போனது அந்த வரியில்தான். அதன் பிறகு மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று குண்டுகள் என்று உற்பத்திக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் சரணடைந்தது.

மூன்றாவது குண்டுக்கான புளூட்டோனியக் கோளம் லாஸ் அலமோஸிலேயே தங்கிவிட்டது. மாறுநிலைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று அளக்கும் சோதனைகளில் அதைப் பயன்படுத்தினார்கள். ஆகஸ்ட் 21 அன்று ஹாரி டக்லியனின் கையிலிருந்து நழுவிய ஒரு கனத்த கட்டி கோளத்தின் மேல் விழுந்து, நியூட்ரான்களைத் திருப்பி அனுப்பி, ஒரு கணம் மாறுநிலையைத் தாண்டவைத்தது. அவர் 25 நாளில் இறந்தார். அடுத்த ஆண்டு மே மாதம் லூயி ஸ்லோட்டின், கோளத்தின் மேல் கவிழ்க்கும் பெரிலியக் கிண்ணத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் தாங்கிப் பிடித்திருந்தபோது அது வழுக்கியது. அவர் ஒன்பது நாளில் இறந்தார். அதன் பிறகு இத்தகைய சோதனைகளைக் கையால் செய்வதை நிறுத்தி, தொலைவிலிருந்து இயக்கும் கருவிகளுக்கு மாறினார்கள். அந்தக் கோளத்தையும் பிறகு உருக்கி, வேறு குண்டுகளுக்கான புளூட்டோனியத்தோடு சேர்த்துவிட்டார்கள்.